பதினெட்டு சைபர்

அத்தியாயம் 11

இருநூற்று நாற்பது சட்டைக் கைகள். அத்தனையும் வலது கை. போன வாரம் நம் கதாநாயகி, கட்டிங் மாஸ்டர் கத்திரியை அந்தக் குவியலுக்கு முன்னால் நிறுத்திவிட்டுத்தான் வந்தோம்.

“பதினாலு வருஷம் துணி வெட்டுகிறவள் இப்படிச் செய்வாளா? காதில் பூ சுற்றாதீர்கள்” என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். செய்வாள் தாயே, செய்தாளே! துணியின் நல்ல பக்கங்கள் முகத்துக்கு முகம் பார்க்க விரித்தால் ஒரே வெட்டில் வலதும் இடதும் வரும். இவள் பாதியில் ஜன்னல் பக்கம் திரும்பினாள், வேறொன்றை நினைத்தாள், மறுபடி திரும்பி எல்லா மடிப்பையும் ஒரே பக்கமாக விரித்துவிட்டு மிஷினை ஓட்டிவிட்டாள். ஊரே மெச்சும் கைதான். அந்தக் கைக்கு மேலே இருக்கிற தலைதான் அவ்வப்போது லீவு போட்டுவிடுகிறது.

“அடுத்த புதன்கிழமைக்குள்ள டாக்டர் பேப்பர் ஒண்ணு கொண்டு வாங்க மாஸ்டர். உங்களுக்கு என்னன்னு அதுல எழுதியிருக்கணும். இல்லேன்னா வேற இடம் பார்த்துக்குங்க” என்றார் சூப்பர்வைசர். மூன்றாவது தவறு இது. அந்த மனிதரையும் குறை சொல்ல முடியாது.

அந்தப் பேப்பருக்காகத்தான் கத்திரி பதினாலு மாதமாகக் காத்திருக்கிறாள். ஏடிஹெச்டி என்று ஒன்று இருக்கிறது, கவனம் ஒரு இடத்தில் நிற்காது, அது பெரியவர்களுக்கும் உண்டு, மருந்தும் உண்டு என்று ஒரு மருத்துவக் கட்டுரையில் படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாளே, அது நாலாவது அத்தியாயம். அதைப் பரிசோதிக்கிற கிளினிக் முன்பே ஒரு தேதி கொடுத்தது. “வருகிறீர்களா? ஒரு நாளுக்குள் ‘ஆம்’ என்று பதில் அனுப்பவும்” என்று ஃபோனில் செய்தி வந்தது. துணி விரித்துக்கொண்டிருந்தாள். கை காலியானதும் அனுப்பலாம் என்று நினைத்தாள். கை காலியாக மூன்று நாள் ஆனது. தேதி போயே போச்சு. ஒருமுறை தவறியதாக ஃபைலில் ஏறியது, மறுபடி வரிசையில் நின்றாள். இன்னொரு முறை தவறினால் ஃபைலையே மூடிவிடுவார்கள்.

மறதிக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில், மறக்காதவர்களுக்கு மட்டும்தான் உள்ளே வர அனுமதி. இதை யார் உட்கார்ந்து யோசித்தார்களோ, அவர்கள் வாயில் சர்க்கரையைப் போட!

இன்று வெள்ளிக்கிழமை. மணி பதினொன்று பத்துக்கு அவளை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

காலை ஏழு மணிக்கே வீடு பரீட்சை நாள் மாதிரி இருந்தது. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டார். வாசல் கதவில் பெரிய எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்: ஃபோன், அடையாள அட்டை, ரிப்போர்ட் கார்டு, உறை.

“உறை எங்கம்மா?”

கத்திரி விழித்தாள். “நேத்து ஃப்ரிட்ஜ் மேலதாங்க வெச்சேன்.”

“மேல இல்லையே.”

கட்டிலுக்கு அடியில் தேடினார்கள், துணிக்கூடையில் தேடினார்கள். லிஃப்ட்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. “நடுவுல நின்ன லிஃப்ட்டுக்குள்ள பத்து பேரை வெச்சுக்கிட்டுகூட நான் இப்படிப் பயந்ததில்ல” என்றார்.

உறை ஃப்ரிட்ஜுக்கு உள்ளே, காய்கறித் தட்டில், தக்காளிக்குப் பக்கத்தில் சில்லென்று இருந்தது. பால் எடுக்கும்போது உள்ளே வைத்திருக்கிறாள்.

“பார்த்தீங்களா, கிடைச்சிடுச்சு!” என்று சிரித்தாள் கத்திரி. “எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இந்த அதிர்ஷ்டம் உண்டு. ஸ்கூலுக்கு நோட்டை மறந்துட்டுப் போவேன். பத்தரை மணிக்குள்ள டீச்சர் கூப்பிட்டு, ‘இந்தா, உன் நோட்டு இங்கயே கிடந்துச்சு’ன்னு கொடுப்பாங்க. பென்சில் பாக்ஸ், சாப்பாட்டு டப்பா, எல்லாமே அப்படித்தான். நான் தொலைச்சது எதுவும் தொலைஞ்சே போனதில்ல.”

உறையை ஒட்டிக் கொடுத்தது கீழ் வீட்டில் இருக்கிற அவள் அம்மா. சிறுவயதில் வளர்த்தவர் மட்டும் தனியாக நிரப்பி, ஒட்டிக் கொடுக்க வேண்டும், பேஷன்ட் பார்க்கக்கூடாது என்பது கிளினிக்கின் சட்டம். உள்ளே பதினெட்டுக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை எண் போட வேண்டும். பிள்ளையிடம் அந்தக் குறை இல்லவே இல்லை என்றால் சைபர், எப்போதும் இருந்தது என்றால் மூன்று. அம்மா அதை மூன்று நாள் வைத்திருந்து நிரப்பினார்.

கிளம்புகிற நேரத்தில் அம்மாவே படியேறி வந்துவிட்டார். “பாப்பா, பையைக் காட்டு.”

பாப்பாவுக்கு வயது முப்பத்தொன்பது. “அம்மா, நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“இல்லைதான். பையைக் காட்டு.”

ஃபோனைத் தொட்டுப் பார்த்தார், அட்டையைத் தொட்டுப் பார்த்தார், உறையை நேராக வைத்தார், ஜிப்பை இழுத்து மூடினார். அம்மா முப்பத்தொரு வருஷம் தையல் ஃபேக்டரியில் செக்கிங் வேலை பார்த்தவர். தைத்து வருகிற ஒவ்வொரு சட்டையையும் புரட்டி, தப்பு இருக்கிற இடத்தில் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, கடைசியில் பாஸா ரிஜெக்டா என்று கையெழுத்துப் போடுகிறவர். ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாகியும் விரல்கள் சும்மா இருப்பதில்லை.

“நீ ஒண்ணும் கவலைப்படாதே” என்று மகளின் கன்னத்தைத் தட்டினார். “ஃபாரத்தில உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா எழுதலை நான்.”

லிஃப்ட்காரரின் புருவம் ஒரு நொடி ஏறியது. என்னவோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. கத்திரியோ செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் இந்த அத்தியாயமே வேறு மாதிரி போயிருக்கும்.

கிளினிக் நாலாவது மாடி. பத்து இருபதுக்கே போய்விட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு வரவேற்புப் பெண். தரையோடு திருகி வைத்த நாற்காலிகள். எல்லோரும் மடியில் ஃபைலை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“பதினாறு பக்க ஃபாரம் அனுப்பினோமே, எங்க?”

“போன மாசமே கொடுத்துட்டேங்க.”

“கம்ப்யூட்டர்ல ஏறலையே. இன்னொரு தடவை எழுதிடுங்க.”

எழுதினாள். நாலாவது பக்கத்தில் கேள்வி: “நீளமான படிவங்களை நிரப்புவதில் உங்களுக்குச் சிரமம் உண்டா?” பதினோராவது பக்கத்துக்கு வந்தபோது ஏழாவது பக்கத்தைத் தாண்டிவிட்டது தெரிந்தது. பேனாவைக் கடித்துக்கொண்டே திரும்பிப் போனாள்.

டாக்டர் அறைக்குள் அவளை மட்டும் கூப்பிட்டார்கள். டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். கொடுமைக்காரி இல்லை. களைத்துப் போனவர். மேசையில் அடுக்கியிருந்த ஃபைல்கள் அவர் தோள் உயரத்துக்கு இருந்தன.

“எத்தனை வருஷமா வேலை பார்க்குறீங்க?”

“பதினாலு வருஷமா, டாக்டர்.”

“ஒரே இடத்துலயா?”

“ஆமா.”

எழுதிக்கொண்டார். ரிப்போர்ட் கார்டைப் புரட்டினார். “அஞ்சாவது வரைக்கும் வீட்டுப்பாடம் எல்லாம் ‘மிக நன்று’ன்னு போட்டிருக்கே?”

“அது எனக்கு ஞாபகமில்ல டாக்டர். நல்லாத்தான் படிச்சிருப்பேன் போல.”

அதையும் எழுதினார். “இன்னிக்கு எத்தனை மணிக்கு வந்தீங்க?”

“பத்து இருபதுக்கே வந்துட்டேன்!” பெருமையாகச் சொன்னாள், பாவி மகள். அதற்குப் பின்னால் நாலு அலாரம், ஒரு புருஷன், ஒரு அம்மா, கதவில் ஒரு காகிதம் என்பதைச் சொல்லத் தோன்றவில்லை. டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். நல்ல வேலை, நல்ல படிப்பு, நேரத்துக்கு வருகை. எல்லாமே அவளுக்கு எதிராக வரிசையாகப் போய் நின்றன.

பிறகு உறையைக் கிழித்தார்.

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார். பிறகு அதை அவள் பக்கம் நகர்த்தினார்.

பதினெட்டு வரி. பதினெட்டு சைபர். சிவப்பு மையில், ஒன்று போல வட்ட வட்டமாக, ஒரு பிசிறு இல்லாமல். அடியில் அம்மாவின் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் கோடு இழுத்து எழுதியிருந்தது: பாஸ்.

கத்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு முதல் வரியிலிருந்து பார்த்தாள். பொருட்களைத் தொலைப்பாளா? சைபர். சொல்வதைக் காதில் வாங்காமல் இருப்பாளா? சைபர். ஒரு வேலையைப் பாதியில் விடுவாளா? சைபர். தான் பிறந்த வீட்டில் வேறு யாரோ ஒரு பெண் வளர்ந்திருக்கிறாள், அவளைப் பற்றி இங்கே எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

“இது... இது இப்படி இல்ல டாக்டர்.”

“எழுதினது உங்க அம்மாதானே?”

“அம்மாதான். ஆனா...”

“பாருங்கம்மா. சின்ன வயசுலயே இருந்துச்சுன்னு அடையாளம் இருந்தாத்தான் பெரியவங்களுக்கு நாங்க இதைச் சொல்ல முடியும். கூடவே இருந்து வளர்த்தவங்க எதுவுமே இல்லைங்கறாங்க. ரிப்போர்ட் கார்டும் அதையேதான் சொல்லுது. உங்களுக்கு வேலை டென்ஷனா இருக்கலாம். தூக்கம் போதாம இருக்கலாம்.”

“அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லையா?”

“ஃபைலை மூட வேண்டியிருக்கும். திரும்பப் பதிவு பண்ணலாம். இப்போ வரிசை பதினெட்டு மாசம்.”

பதினெட்டு மாதம்! புதன்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள்.

“எங்கம்மா வந்து மாத்திச் சொன்னா ஒத்துக்குவீங்களா?”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “நேர்ல வரணும். ஃபோன்ல முடியாது. நாலு மணிக்கு நான் கிளம்பிடுவேன். கிளம்பறதுக்கு முன்னால இந்த ஃபைலை முடிச்சாகணும்.”

வெளியே வந்தவளைப் பார்த்து லிஃப்ட்காரர் பதறி எழுந்தார். அவள் முகம் பேயறைந்தது போல இருந்தது.

“என்னம்மா? என்ன சொன்னாங்க?”

“எங்கம்மா எனக்குக் குழி பறிச்சுட்டாங்க” என்றாள். அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை.

வீடு திரும்பும்போது மணி ஒன்றரை தாண்டியிருந்தது. அம்மா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“என்ன பாப்பா? பாஸ்தானே?”

கத்திரி பையைத் தரையில் போட்டாள். “ஏம்மா இப்படிப் பண்ணே?”

“எப்படி?”

“பதினெட்டு சைபர் போட்டிருக்கியே! நான் எதையுமே மறந்ததில்லையா? எதையுமே தொலைச்சதில்லையா? உனக்குக் கண்ணு தெரியாதா, இல்ல என்னை வேணும்னே கழுத்தறுத்தியா?”

அம்மாவின் கையில் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றுவிட்டது. “கழுத்தறுத்தேனா? நானா? நல்ல மார்க் போட்டேன்டி!”

“நல்ல மார்க்கா?”

“சைபர்னா தப்பே இல்லாத பீஸ். பாஸ். முப்பத்தொரு வருஷத்துல முழு சைபர் போட்ட சட்டையை விரல் விட்டு எண்ணிடலாம். என் பொண்ணுக்குப் போட்டேன். அது தப்பா?”

“அவங்க ஃபைலை மூடப்போறாங்கம்மா. பேப்பர் கிடையாது. புதன்கிழமையோட என் வேலை போயிடும். எனக்கு ஒண்ணுமே இல்லையாம். நீதான் எழுதிக் கொடுத்திருக்கே.”

அம்மாவுக்குப் பகீரென்றது. சட்டையில் புகை வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. லிஃப்ட்காரர்தான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். வெள்ளைச் சட்டையில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்திருந்தது. அம்மா கையால் ஒரு துணி பாழானது இதுதான் முதல் தடவை.

“மூணு மூணா போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்” என்றார் அம்மா, மெதுவாக. “ஒரு பீஸ்ல அத்தனை ஸ்டிக்கர் விழுந்தா ரிஜெக்ட் பெட்டியில போடுவோம். போடுறதுக்கு முன்னால கம்பெனி பேர் இருக்கிற லேபிளை வெட்டி எடுத்துடுவோம். எங்களோடது இல்லைன்னு சொல்றதுக்கு. உன் பேர் எழுதின காகிதத்துல நான் எப்படிடி அதைப் போடுவேன்?”

அம்மா அந்தப் பழுப்பு முக்கோணத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“எங்க செக்கிங் டேபிள்ல ஒரு பொண்ணு இருந்தா. தலைக்கு டாக்டரைப் பார்க்கிறா, மாத்திரை சாப்பிடுறான்னு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. அடுத்த வாரம் அவ ஸ்டூல் காலியா இருந்துச்சு. என்ன ஆனான்னு ஒருத்தர் கேட்கலை, நான் உட்பட. உன்னையும் அப்படிச் சொல்லிட்டா?”

“இப்ப மட்டும் என்ன சொல்றாங்களாம்? சோம்பேறி, திமிர் பிடிச்சவ, பொறுப்பில்லாதவ. எல்லாம் சொல்லியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி.”

லிஃப்ட்காரர் இருமினார். “அத்தை, மணி ரெண்டாகப் போகுது. நீங்க நேர்ல வந்து சொன்னா டாக்டர் கேட்குறேன்னு சொல்லியிருக்காங்க.”

“முடியாது மாப்பிள்ளை. ஊர் பேர் தெரியாதவங்க முன்னாடி உட்கார்ந்து என் பொண்ணோட குறையைச் சொல்ல என்னால ஆகாது. பெத்தவ வாயில அது வராது.”

கத்திரி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபமெல்லாம் வடிந்துபோய் குரல் தளர்ந்திருந்தது.

“அம்மா, நீ எதுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவே?”

“எதுக்குன்னா?”

“தப்பான தையல்ல அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவியே. சட்டையை அசிங்கப்படுத்தவா?”

“பைத்தியமா நீ? எங்க பிரிச்சுத் தைக்கணும்னு டெய்லருக்குத் தெரிய வேண்டாமா? ஸ்டிக்கர் இல்லாம அனுப்பினா அவ எதைப் பார்த்து...”

அம்மா பாதியில் நிறுத்திவிட்டார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ எனக்கு ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டலைம்மா. இத்தனை வருஷமா எங்க பிரிச்சுத் தைக்கணும்னு யாருக்குமே தெரியலை.”

அம்மா கருகிய சட்டையை மடித்து ஓரமாக வைத்தார். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

“மாப்பிள்ளை, ஆட்டோ கூப்பிடுங்க” என்றார். “என் சிவப்புப் பேனா எங்க?”

ஆட்டோ கிடைக்கவே முக்கால் மணி ஆனது. வழியெல்லாம் நெரிசல். மூன்று முப்பத்தைந்துக்குப் போய் இறங்கினால், லிஃப்ட் கதவில் ஒரு அட்டை தொங்கியது: பழுது.

“அடச்சே, என் மானமே போச்சு!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார் லிஃப்ட்காரர். “அத்தை, நான் தூக்கிட்டுப் போகட்டுமா?”

“சும்மா வாங்க மாப்பிள்ளை. சிரிப்பு காட்டாதீங்க.”

முட்டி தேய்ந்த கால்களோடு அம்மா நாலு மாடி ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மேலே போனபோது மூன்று ஐம்பத்திரண்டு. வரவேற்புப் பெண் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

“நான்தான் டாக்டரம்மா அந்த சைபர் போட்டவ” என்றார் அம்மா. “பொய் செக்கிங் பண்ணிட்டேன். திரும்பப் பண்ணணும்.”

டாக்டர் அவரைப் பார்த்தார், அவர் பிடித்திருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தார். பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். “உள்ள வாங்க. பேஷன்ட் வெளியில இருக்கட்டும்.”

“வேண்டாம். அவளும் கேட்கட்டும். அவளுக்குத் தெரியாதது நிறைய இருக்கு.”

கத்திரியும் உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றாள். புதிய ஃபாரம் ஒன்று அம்மாவின் முன்னால் வைக்கப்பட்டது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியில் விரலை வைத்தார். நிமிராமல் பேச ஆரம்பித்தார்.

“பொருளைத் தொலைப்பாளா? மூணு. ஒரு காலில ஷூ, ஒரு காலில செருப்பு போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருக்கா. சொன்னதைக் கேட்பாளா? கேட்பா, தலையாட்டுவா, ஒண்ணும் உள்ள போகாது. மூணு. உட்கார்ந்த இடத்துல இருப்பாளா? சாப்பிடும்போது தட்டோட மூணு ரூம் சுத்துவா. மூணு போட்டுக்கிறேன்.”

“ரிப்போர்ட் கார்டுல வீட்டுப்பாடம் ‘மிக நன்று’ன்னு இருக்கும்மா” என்றார் டாக்டர்.

“அது எனக்கு வந்த ‘மிக நன்று’ டாக்டரம்மா.”

“என்னது?”

“இவ எழுத மாட்டா. ரெண்டு வரியில எழுந்து போயிடுவா. டீச்சர் அடிப்பாங்க. அதனால நான் எழுதினேன், இடது கையால. அப்பத்தான் சின்னப் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கும். அஞ்சு வருஷம் எழுதினேன்.”

டாக்டர் கையிலிருந்த ரிப்போர்ட் கார்டை மேசையில் வைத்துவிட்டார். கத்திரிக்குச் சுவர் நகர்வது போல இருந்தது. தான் ஒரு காலத்தில் நன்றாகப் படித்தவள், எப்போதோ கெட்டுப்போய்விட்டாள் என்றுதான் இந்த வயது வரைக்கும் அவள் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா அடுத்த வரிக்கு வந்திருந்தார். “தேவையானதை மறந்துட்டுப் போவாளா? இதுக்கு மூணுக்கு மேல இல்லையா?”

“மூணு வரைக்கும்தான்மா.”

“தினம் எதையாவது வெச்சுட்டுப் போவா. முதல்ல நானே கொண்டு போய் வகுப்புல கொடுத்தேன். மத்த பிள்ளைங்க சிரிச்சாங்க. ‘நீ வராதேம்மா, அசிங்கமா இருக்கு’ன்னு அழுதா. சரின்னு, கேட் வாட்ச்மேன்கிட்ட கொடுத்தேன். அவர் டீச்சர்கிட்ட கொடுப்பார். இங்கயே கிடந்துச்சுன்னு சொல்லிக் கொடுங்கன்னு கும்பிட்டுக் கேட்டுக்கிட்டேன். பத்தரை மணி மணியடிக்கிறதுக்குள்ள போயிடணும். பகல் ஷிஃப்ட்ல இருந்தா முடியாதில்ல, அதனால நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கிட்டேன். ஆறு வருஷம்.”

இதைக் கேட்டு எனக்கே எழுதுகிற கை நின்றுவிட்டது. கத்திரியை நினைத்துப் பாருங்கள். அம்மா ராத்திரியில் தன்னை விட்டுவிட்டுப் போனார், தன் தொல்லை தாங்காமல்தான் நைட் ஷிஃப்ட் எடுத்தார் என்று பதினைந்து வயதிலிருந்து மனதுக்குள் வைத்துக் குமைந்தவள் அவள். ரெண்டாவது அத்தியாயத்தில் அம்மாவோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தாளே, அது இதற்காகத்தான்.

“அந்த நோட்டெல்லாம்... நீயா?” என்றாள். “பகல்ல நீ தூங்கவே இல்லையாம்மா?”

“தூங்கினேன், தூங்கினேன். பதினொண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும்” என்றார் அம்மா, திரும்பாமல். “பேசாதே. இன்னும் எட்டு வரி இருக்கு.”

கத்திரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தான் தொலைத்தது எதுவும் தொலைந்ததில்லை என்று காலையில்தான் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

பதினெட்டு வரியும் முடிந்தது. டாக்டர் கூட்டினார். ஐம்பத்தொன்று. அம்மா கையெழுத்துப் போட்டார். அதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைத் தூக்கியபடி இருந்தார்.

“ரிஜெக்டுங்களா, டாக்டரம்மா?”

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இல்லம்மா. இப்பத்தான் உள்ளயே எடுத்துக்கிறோம்.”

அம்மா பேனாவை மூடினார்.

“இன்னும் ஒரு தடவை உட்கார்ந்து பேசணும்” என்று கத்திரியிடம் சொன்னார் டாக்டர். “அது முடிஞ்சா அன்னிக்கே பேப்பர் எழுதிக் கொடுத்துடுவேன், மருந்தும் ஆரம்பிச்சுடலாம். திங்கட்கிழமை காலையில ஒருத்தர் வரலைன்னு சொல்லியிருக்கார். அந்த இடத்தை உங்களுக்குப் போடச் சொல்றேன். விட்டா அடுத்தது மூணு மாசம் கழிச்சுத்தான்.”

திங்கட்கிழமை! புதனுக்கு ரெண்டு நாள் முன்னால்! கத்திரி கும்பிட்டாளா, அழுதாளா, சிரித்தாளா, அவளுக்கே தெரியாது.

வெளியே வரவேற்புப் பெண் அவசர அவசரமாகச் சொன்னாள்: “கொஞ்ச நேரத்துல மெசேஜ் வரும். நாளைக்கு மத்தியானம் பன்னெண்டுக்குள்ள ‘ஆம்’னு பதில் போடணும். உங்க ஃபோன்லேர்ந்தே வரணும், வேற நம்பர்லேர்ந்து வந்தா சிஸ்டம் எடுக்காது. பதில் வரலைன்னா அதுவே இடத்தை அடுத்தவங்களுக்குக் கொடுத்துடும், ரெண்டாவது தவறல்னு ஃபைலையும் மூடிடும். சனி, ஞாயிறு எங்களுக்கு லீவு.”

“இந்தத் தடவை மெசேஜ் வந்த நொடியே போட்டுடுவேன்” என்றாள் கத்திரி. சத்தியம் பண்ணுவதைப் போல ஃபோனைக் கையில் எடுத்துக் காட்டினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நடுங்குகிற அம்மாவின் கால்களைப் பிடித்து முட்டியை அழுத்திவிட்டாள். ரெண்டு கையாலும் அழுத்திவிட்டாள்.

“வீட்டுக்குப் போகலாமா?” என்றார் லிஃப்ட்காரர். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

இறங்கும்போது அம்மாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டோவில் அம்மா நடுவில் உட்கார்ந்தார். மகளுடைய பை அவர் மடியில்தான் இருந்தது. எத்தனையோ வருஷமாக, எங்கிருந்து கிளம்பினாலும் அந்தப் பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் மூச்சு விடுவார். இன்று விரல்கள் ஜிப்பின் மேல் போயின. பிறகு, எதற்கு, இனிமேல் பார்க்கத்தான் டாக்டர் இருக்கிறாரே என்று தோன்றியிருக்க வேண்டும். கையை எடுத்து மகளின் கைமேல் வைத்தார். தெருமுனை திரும்புவதற்குள் தூங்கிவிட்டார். கத்திரி தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நாலாவது மாடியில் விளக்குகள் அணைந்தன. வரவேற்புப் பெண் கதவை இழுத்துப் பூட்டினாள், ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள், படியிறங்கிப் போனாள்.

நாலு முப்பத்தெட்டுக்கு, இருட்டில், இடமிருந்து மூன்றாவது நாற்காலியில் ஒரு ஃபோன் வெளிச்சம் போட்டது. அம்மாவின் முட்டியை அழுத்திவிட ரெண்டு கையும் வேண்டியிருந்தபோது கத்திரி பக்கத்தில் வைத்த ஃபோன். “திங்கள் காலை 9.30. வருகிறீர்களா?” என்று கேட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் தானாக அணைந்துபோனது.